பின்னறைச் சுவரில் ஓதம்: தண்ணீர் வந்த வழியைத் தேடிய பதிவு

பழைய வீட்டில் ஒரு சுவர் ஓதம் காத்தால் எல்லோரும் முதலில் செய்வது சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பதுதான். எங்கள் பின்னறைச் சுவரிலும் முன்பு இருந்தவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். சுரண்டியபோது பெயிண்ட் அடுக்கடுக்காக வந்தது, மேலே இருந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் கையகலத் துண்டுகளாக உரிந்தது, அதன் பின்பக்கம் தொட்டால் விரல் நனைகிற அளவுக்கு ஈரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரைக்கும் இந்தச் சுவரில் புதிதாக எதையும் பூசுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒன்றரைக் கல் சுவர், பூச்சோடு சேர்த்து 37 செ.மீ. இருக்கும். செங்கலைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற்பாடு யாரோ இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு போட்டிருக்கிறார்கள். சுவரின் இடது முனைக்கு அடுத்து குளியலறை. வலது மூலையில், வெளிப்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய். வெளியே சுவரை ஒட்டி ஒரு நடைபாதை, அதற்கு சிமெண்ட் தளம். உள்ளே சுவர் ஓரமாக ஒரு பெரிய பீரோ.

கேட்டவர்களிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது. கொத்தனார் தரையில் குந்தி உட்கார்ந்து அடிச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடியிலிருந்து ஏறுற ஈரம்தாங்க, துளை போட்டு மருந்து ஏத்தினா நின்னுடும்" என்றார். பிளம்பர் குளியலறையைக் கை காட்டினார். பெயிண்டருக்குப் போன முறை அடித்த பெயிண்டின் தரம்தான் குறை. மூன்று பேரும் அனுபவம் உள்ளவர்கள்தான், மூன்றுமே நடக்கக்கூடியவைதான். எது இங்கே நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நான் வாங்கிய முதல் கருவி பென்சில். ஈரக் கறையின் ஓரத்தைச் சுவரிலேயே கோடாக வரைந்து பக்கத்தில் தேதி எழுதினேன், கறை நகர்ந்ததும் புதுக்கோடு. கூடவே ஒரு நோட்டில் அன்று மழை உண்டா, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம், காற்று எவ்வளவு புழுக்கமாக இருந்தது, குளியலறையில் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் புழங்கியதா என்று எழுதிக்கொண்டே வந்தேன். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் போட்டோ எடுத்தால், பகலில் கண்ணுக்கே தெரியாத கொப்புளமும் உப்பு பூத்த இடமும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். செலவே இல்லாத இந்த வேலைதான் மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதிகம் சொன்னது, ஆனால் பொறுமையாகச் சில மாதங்கள் செய்ய வேண்டும்.

கோடுகள் சேரச் சேர ஒரு விஷயம் புலப்பட்டது. அது ஒரே கறை இல்லை. சுவர் முழுக்க அடியில் ஒரு பட்டை, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, எப்போதும் ஈரம், மழைக்கும் வெயிலுக்கும் பெரிதாக அசையவில்லை. அதற்கு மேல் இடுப்பு உயரம் வரை இன்னொரு பட்டை, இது மழையே இல்லாத புழுக்கமான நாட்களில் கறுத்து, காற்று காய்ந்ததும் வெளிறிவிடும். வலது மூலையில் மட்டும் கறை மார்பு உயரம் வரை ஏறியிருந்தது, அது பலத்த மழைக்குப் பிறகு, அதுவும் இரண்டு நாள் தள்ளித்தான் பெரிதாகும், தூறலுக்கு ஒன்றும் ஆகாது. இவை போதாதென்று பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்ததால்தான் யார் எதைச் சொன்னாலும் கொஞ்சம் பொருந்துகிற மாதிரியும் கொஞ்சம் இடிக்கிற மாதிரியும் இருந்திருக்கிறது.

பூஞ்சையை முதலில் எடுத்துக்கொண்டேன், அதுதான் சுலபம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவது ஒரு வகை ஓதம், அதற்குக் கசிவு எதுவும் தேவையில்லை. 30 டிகிரிக் காற்று கனமீட்டருக்கு 30 கிராம் நீராவி வரை தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும், மிச்சம் எங்காவது படிந்தாக வேண்டும். அறையில் ஒரு ஈரப்பதமானி வைத்தேன், சுவரின் வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன். பூஞ்சை வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் அறைக் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23 டிகிரி. திறந்த சுவர் 27, பீரோவின் பின்பக்கம் 26. அதாவது எங்குமே தண்ணீர் துளிக்கவில்லை. ஆனால் பூஞ்சைக்குத் துளி வேண்டியதில்லை, பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே போதும், 28 டிகிரிக் காற்று 26 டிகிரிச் சுவரைத் தொடும்போது அங்கே 84 வந்துவிடுகிறது. பீரோவை ஒரு கை அகலம் தள்ளிப் போட்டு, பூஞ்சையைத் துடைத்து எடுத்ததோடு அது மறுபடி வரவில்லை. துடைக்கும்போது முகக்கவசம் கட்டாயம், உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, வித்து அறை முழுக்கப் பறக்கும்.

மற்ற இடங்களிலும் இதே கதைதானா என்று பார்க்க அலுமினியத் தாள் சோதனை. சுவரில் ஒரு முழச் சதுரத்துக்குத் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட வேண்டும். அறைப்பக்கம் நனைந்தால் காற்று ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரிலிருந்து வருகிறது. அடிப்பட்டையிலும் வலது மூலையிலும் சுவர்ப்பக்கம் நனைந்தது. நடுப்பட்டையில் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது, தாளுக்கு அடியிலிருந்த சுவர் சுற்றியிருந்த சுவரைவிட வெளிறியும் இருந்தது. அது அப்போது புரியவில்லை. ஈரச்சுவர் காய்ந்த சுவரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் இந்தச் சோதனை சில நேரம் குழப்பும், அதனால் ஒரே இடத்தில் ஒரே முறை செய்துவிட்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்தது குளியலறை. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் விழாதபடி அடைத்துவிட்டு, மீட்டரின் சின்னச் சக்கரத்தை இரவு போட்டோ எடுத்து காலையில் ஒப்பிட்டேன், நகரவில்லை. இதனால் அழுத்தத்தில் ஓடும் குழாய்களை மட்டும்தான் விலக்க முடியும். கழிவுநீர்க் குழாயில் அழுத்தம் கிடையாது, அதில் ஓட்டை இருந்தால் மீட்டருக்குத் தெரியாது, பலர் மீட்டர் நகரவில்லை என்றதும் குளியலறையையே விட்டுவிடுகிறார்கள். நான் தரை வடிகாலை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க விட்டேன். பக்கத்தில் ஒரு டப்பாவில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வைத்தேன், ஆவியாவது எவ்வளவு என்று தெரிய. இரண்டும் ஒரே அளவு இறங்கியது. பிறகு சாயம் கலந்து மொத்தத்தையும் திறந்துவிட்டுப் பார்த்தேன், ஓடுகளின் இடுக்கில் நேராகத் தண்ணீர் பீய்ச்சியும் பார்த்தேன். சுவரில் எந்தக் கோடும் அசையவில்லை. பிளம்பரின் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இங்கே அது இல்லை.

இப்போது முள் மீட்டர் பற்றி. இரண்டு ஊசியைச் சுவரில் குத்தினால் ஒரு எண் காட்டும் சின்னக் கருவி, ஓதம் பார்க்க வருகிறவர்கள் பையில் இதுதான் இருக்கும். இது அளப்பது ஈரத்தை அல்ல, மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை. அளவுகோலும் மரத்துக்காகப் போட்டது. சுவரில் உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்துக்கே எண் உச்சத்துக்குப் போய்விடும். எங்கள் சுவரில் தரையிலிருந்து இடுப்பு வரை எங்கே குத்தினாலும் ஒரே சிவப்பு. அதைக் காட்டி "சுவர் முழுக்க நனைந்திருக்கிறது" என்று ஒருவர் ஒரு பெரிய வேலையை விற்றுவிட முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே துளையிட்டு எடை பார்ப்பது என்று இறங்கினேன்.

வேலை இதுதான். ட்ரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், வேகமாக ஓட்டினால் சூட்டில் ஈரம் ஆவியாகிவிடும். பூச்சில் வரும் தூளைத் தனியாகவும், உள்ளே 15 செ.மீ. ஆழத்திலிருந்து வரும் தூளைத் தனியாகவும் பிடித்து, உடனே மூடி போட்ட புட்டியில் அடைக்க வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தி மறுபடி எடை. குறைந்தது தண்ணீர். (பூச்சு ஜிப்சமாக இருந்தால் இந்தச் சூடு கூடாது, ஜிப்சத்துக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் தண்ணீரும் வெளியேறிக் கணக்கைக் கெடுத்துவிடும், 45 டிகிரிக்குள் நாள்பட உலர்த்த வேண்டும்.) ஓதம் இல்லாத உள்சுவரிலிருந்தும் ஒன்று எடுத்துக்கொண்டேன், ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு படி செய்ததுதான் எனக்கு இந்தத் தேடல் முழுவதிலும் பிடித்த இடம். உலர்த்திய தூளைச் சின்னத் தட்டுகளில் பரப்பி, காற்றுப் புகாத ஒரு டப்பாவில் வைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வைத்துவிட வேண்டும், உப்பு முழுதும் கரையாமல் அடியில் தங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட உப்புக் கரைசல் மூடிய டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதத்தைச் சரியாக 75 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும். தூளின் எடை ஏறுவது நிற்கும் வரை விட்டு, எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், அந்தச் சுவர்த் துண்டு வெறும் காற்றிலிருந்தே எவ்வளவு ஈரம் இழுக்கும் என்று தெரிந்துவிடும். முதலில் கிடைத்த ஈரத்திலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையில் எங்கிருந்தோ வந்த தண்ணீர்.

நடுப்பட்டைப் பூச்சில் 5 சதவீதம் ஈரம் இருந்தது, அதே தூள் காற்றிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் இழுத்தது. அதற்குப் பின்னால் உள்ளே செங்கல் ஏறக்குறைய காய்ந்துதான் இருந்தது. ஆக அந்தப் பட்டைக்குத் தண்ணீர் வரவே இல்லை, பூச்சில் தங்கிவிட்ட உப்பு புழுக்க நாளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். அலுமினியத் தாளுக்கு அடியில் அது ஏன் வெளிறியது என்பதும் இப்போது விளங்கியது, தாள் காற்றை மறைத்துவிட்டது. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நீர்க்கும், மண்ணிலிருந்து வரும் கால்சியம் நைட்ரேட் போன்றவை 50 சதவீதத்திலேயே நீர்க்கத் தொடங்கிவிடும், அதனால்தான் சில சுவர்கள் வருஷத்தில் பாதி நாள் நசநசவென்று இருக்கின்றன. அடிப்பட்டை வேறு மாதிரி: 20 செ.மீ. உயரத்தில், ஆழத்தில், 11 சதவீதம், அதில் காற்றிலிருந்து வரக்கூடியது 1 சதவீதம்தான். வலது மூலையில் மார்பு உயரத்திலும் ஆழத்தில் 8 சதவீதம், காற்றின் பங்கு 1 கூட இல்லை. இந்த இரண்டு இடத்திலும் பூச்சில் குறைவு, உள்ளே அதிகம். தண்ணீர் வெளியிலிருந்து சுவரின் வழியாக வருகிறது.

இரண்டும் ஒரே தண்ணீரா என்பதற்கு மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் நைட்ரேட் சோதனைப் பட்டை உதவியது. தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்ததும் பட்டையை நனைத்துப் பார்த்தேன். அடிச்சுவர்த் தூளில் நிறம் கடுமையாக ஏறியது, மூலைத் தூளில் ஒப்பீட்டுச் சுவரைப் போலவே லேசாக இருந்தது. நைட்ரேட் மண்ணைக் கடந்து வந்த தண்ணீருக்கு அடையாளம், மழைநீரில் அநேகமாக இருக்காது. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வரக் கூடாது, சாக்கடைக் கசிவும் நைட்ரேட் காட்டும். ஆனால் பென்சில் கோடுகளோடும் எடைகளோடும் சேர்த்துப் பார்த்தபோது, அடியில் மண் தண்ணீர், மூலையில் மழைத் தண்ணீர் என்று எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

வெளியே போனேன். நடைபாதைத் தளத்தைச் சுவரோரமாகக் கொஞ்சம் உடைத்துத் தோண்டியதும் விஷயம் வெளிவந்தது. ஒரு தளத்தின் மேல் இன்னொரு தளமாகப் போட்டுப் போட்டு வெளித்தரை வீட்டின் உள்தரையைவிட உயரமாகிவிட்டது. அஸ்திவாரத்துக்கு மேலே தார் கலந்து போட்ட ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று இருந்தது, நல்ல நிலையில்தான் இருந்தது, ஆனால் மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழே புதைந்து கிடந்தது. வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இங்கே நேர்மாறு. தளத்தின் வாட்டமும் சுவரைப் பார்த்தே இருந்தது. ஈரமண் தடுப்புக்கு மேலே செங்கலை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, செங்கலும் காரையும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்துக்கொண்டிருந்தன, இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு இருந்ததால் ஆவியாகிப் போக வழியில்லாமல் உயர ஏறியிருக்கிறது. கொத்தனார் சொன்ன அடியீரம் இதுதான், அவர் கண் தப்பு சொல்லவில்லை. ஆனால் துளை போட்டு மருந்து ஏற்றியிருந்தால் சுவரில் புதிதாக ஒரு தடுப்பு உண்டாகியிருக்கும், அதையும் தாண்டி வெளித்தரை ஈரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

மூலைக்கு ஹோஸ் வைத்துச் சோதித்தேன். எப்போதும் கீழே ஆரம்பித்து மேலே போக வேண்டும், மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து எது காரணம் என்று தெரியாமல் போகும். ஒவ்வோர் உயரத்திலும் ஒரு மணி நேரம் பீய்ச்சியும் மூலை அசையவில்லை. நோட்டில் "பலத்த மழைக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்ததும், குழாய்க்குள் தண்ணீர் நிறைந்து ஓடும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று பட்டது. மாடியில் ஒருவரை நிறுத்தி, வடிகால் வாயில் வாளி வாளியாக இடைவெளி விடாமல் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே நான் கைக்கண்ணாடியும் டார்ச்சுமாகக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயின் ஒரு இணைப்பு, தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே, சுவரைப் பார்த்த பக்கத்தில் வெடித்திருந்தது. அடி வளைவில் இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. தூறலில் தண்ணீர் அந்த அடைப்பைக் கசிந்து கடந்துவிடும். பலத்த மழையில் குழாய்க்குள் தேங்கி உயர்ந்து, வெடிப்பின் வழியே சுவரில் கொட்டும். முன்பக்கமிருந்து பார்த்தால் அந்தக் குழாய் குறையே இல்லாமல் இருந்தது.

சரிசெய்யும்போது ஒவ்வொன்றாகச் செய்தேன், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவகாசம் விட்டு. முதலில் குழாய்: இணைப்பை மாற்றி, வளைவைச் சுத்தம் செய்து, இனி அடைத்தால் திறந்து எடுக்க மூடி உள்ள வளைவாகப் போட்டோம், குழாயைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினோம். அடுத்த பலத்த மழைக்கு மூலைக் கோடு நகரவில்லை. அதன் பிறகே நடைபாதை. தளத்தை உடைத்து எடுத்து, தடுப்பு அடுக்குக்கு ஒரு சாண் கீழே வரை தாழ்த்தி, சுவரோரம் ஒரு பட்டைக்குத் தளமே போடாமல் ஜல்லி நிரப்பி, மீதித் தளத்துக்கு மீட்டருக்கு 2.5 செ.மீ. என்று சுவரை விட்டு விலகும் வாட்டம் கொடுத்தோம். தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது, நீளம் முழுவதையும் ஒரே நாளில் திறந்தும் போடக் கூடாது, பகுதி பகுதியாகத்தான்.

உள்ளே சிமெண்ட் பூச்சைக் கறைக்கு மேலே ஒரு முழம் வரை கொத்தி எடுத்தாயிற்று. செங்கலில் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, தூளை உடனே வாரி வெளியே போட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும். உப்பு அதிகமான இடங்களில் காகிதக்கூழைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து அப்பி, காய்ந்து தானாகச் சுருங்கியதும் உரித்து எடுத்தேன், உப்பில் ஒரு பகுதி அதோடு வந்துவிடும், இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். பிறகு சுவரை அப்படியே வெறுமையாக விட்டோம். சுவர் உலர ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு, ஒன்றரைக் கல் சுவருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் "இன்னும் ஈரமாகத்தானே இருக்கிறது" என்று மனம் தளர்ந்து மறுபடி வாட்டர்ப்ரூஃப் பூச்சுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்தினால் உப்பெல்லாம் ஒரேயடியாக வெளிப்பரப்புக்கு வந்து செங்கல் முகத்தையே உதிர்க்கும், ஜன்னலும் மின்விசிறியும் போதும்.

இப்போது 20 செ.மீ. உயரத்தில் 11 சதவீதமாக இருந்தது 4க்கு வந்திருக்கிறது, மூலையில் 2. மேல்பாதியில் சுண்ணாம்புப் பூச்சு மெல்லிய தடவைகளாகப் போட்டு, மேலே வெள்ளையடித்தாயிற்று. வெள்ளையடிப்பு ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் பெயிண்ட் விடாது. சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

அடிப்பாதி இன்னும் வெறும் செங்கல்தான். எடைக்காகப் போட்ட துளைகளில் மரக்குச்சிகளைச் செருகி வாயை அடைத்து வைத்திருக்கிறேன். சில வாரங்களில் குச்சி சுவரின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிடும், அதை உருவி, உப்பு ஒட்டிய மேல்பரப்பைச் சீவிவிட்டு முள் மீட்டரால் குத்தினால், மரத்துக்கென்று போட்ட அந்த அளவுகோல் இங்கே சரியாகப் பொருந்தும், சுவரைப் புதிதாகத் துளைக்கவும் வேண்டாம். இன்றைக்கு அடிவரிசைக் குச்சிகள் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே காட்டுகின்றன, நன்றாகக் காய்ந்த உள்சுவரில் வைத்த குச்சி 13. அடிவரிசை 16க்குக் கீழே இறங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே நின்றால் மீதிப் பூச்சை ஆரம்பிப்பதாக இருக்கிறோம்.